சைக்கிள் கரியரும் அதன் வில்லும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. புலவர்களைப் பற்றியும் புரவலர்களைப் பற்றியும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, சைக்கிளின் பின்புறத்திலுள்ள கரியரைப் பற்றிப் பாடசாலை அதிபர் ஒருவர் பேச வருகின்றார் என்றால் நகைப்புத் தோன்றுதல் கூடும். நகைத்துவிட்டுச் சற்றே பொறுத்துக் கேட்பீர்களாக. நம் நாட்டிலே அரிசி மூட்டையையும் புத்தகக் கட்டையும், நோயாளியையும் மணப்பெண்ணின் பட்டுச் சேலையையும் சுமந்த கருவி அதுவே. அதனைப் பயன்படுத்தும் முறை நம்மிற் பலருக்குத் தெரியும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் சரியன்று என்பதை நான் என் சொந்தப் பிழையால் அறிந்தவன்.

இப்பேச்சுக்குக் காரணமாயிருந்தது ஒரு மாணாக்கனின் வினா. 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியிலே, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்த நாட்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அக்காலத்தில், வீட்டுக் கோடிகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் துருவேறிக் கிடந்த பழைய சைக்கிள்கள் யாவும் தூசி தட்டி வெளியே எடுக்கப்பட்டன. பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, தன் பாட்டனாரின் வண்டியிலே வந்த ஒரு பையன், கரியரின் மேலிருந்த கம்பிச் சட்டத்தைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்துவிட்டு, "சேர், இது என்னத்துக்கு?" என்று கேட்டான். அவன் அதுவரை ஓடிய புதுமாதிரி வண்டியிற் கரியரே இல்லை. அவனுக்கு அன்று நான் கூறிய விடையையே இன்று விரித்துக் கூறுகின்றேன்.

கரியர் என்னும் ஆங்கிலச் சொல்லை யாழ்ப்பாணத்தார் 'கரியல்' என்று தம் நாவுக்கு இசைவாக்கிக்கொண்டனர். ஆசனத்தின் பின்னே, பின்சில்லுக்கு மேலே, இரும்புக் கம்பியாலோ பட்டத்தாலோ ஆன ஒரு தட்டு. அதன் முன்முனை ஆசனத்தை அடுத்த சட்டகத்திற் பூட்டப்பட்டிருக்கும். அதன் கால்கள் இரு பக்கமும் இறங்கிப் பின் அச்சின் சுரைகளில் இறுக்கப்பட்டிருக்கும். ராலி, ஹம்பர், றட்ஜ் முதலிய இங்கிலாந்து வண்டிகளிலும், பின்னர் வந்த இந்திய வண்டிகளிலும், நம் நாட்டு லுமாலாவிலும் இவ்வமைப்பை நாம் கண்டிருக்கிறோம். அத்தட்டின்மேல் கீல் பூட்டிய இன்னொரு கம்பிச் சட்டம் உண்டு. கீலிலே சுற்றப்பட்ட சுருள்வில் அச்சட்டத்தைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். அதனை உயர்த்திப் பொருளை வைத்துவிட்டால், சட்டம் பொருளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலம் பேசுவோர் இதனை எலிப்பொறி என்று வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு. விரலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இனி, இவ்வில் எவ்வாறு பிடிக்கின்றது என்பதைக் காண்போம். நான் கலைப்பட்டதாரி, பௌதிகம் எனக்குத் தூரத்து உறவு. எனினும், எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் எனக்கு விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவிற் கூறுகின்றேன்.

முதலாவது, கவ்வியின் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவினதன்று. நான் பழகிய வண்டிகளிற் கீல் ஆசனத்தின் பக்கமாகவும், வாய் பின்புறமாகவும் இருக்கும். கீலிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில் 6 கிலோ நிறைக்குச் சமமான அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். வில் அதே அளவு விரிந்திருக்கையில், 20 சென்ரிமீற்றரில் அது 3 கிலோவாகும். 30 சென்ரிமீற்றரில் 2 கிலோவாகும். ஆகவே, பொருளை வாயின் நுனியிலே கொடுத்துவிட்டு, வில் பிடித்துக்கொள்ளும் என்று நம்புதல் பேதைமை. இயன்ற அளவு கீலை அணுக உள்ளே தள்ளி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பொருள் தடித்ததாயின் கவ்வி சரிந்து நிற்கும். சரிந்து நிற்கும் சட்டம் பொருளைக் கீழே அழுத்துவதோடு நில்லாது, திறந்த வாயை நோக்கி வெளியேயும் தள்ளும். புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே வைத்து நெரித்தால் அது வழுக்கிப் பாய்வதைச் சிறுவயதில் நாம் விளையாட்டாகக் கண்டிருக்கிறோம். அதே தொழில்தான் இங்கும் நிகழ்கின்றது. பொருள் எவ்வளவு தடிக்கின்றதோ அவ்வளவுக்கு வில் பலமாக அழுத்துகின்றது. அதனாலேயே பிடி இறுக்கம் என்று நாம் ஏமாறுகின்றோம். ஆனால் அந்தப் பலத்தின் ஒரு பங்கு பொருளை வெளியே தள்ளுவதற்கே செலவாகின்றது. மூன்றாவது, வீதியின் குலுக்கம். பள்ளந்தோறும் கட்டு ஒரு நூலளவு நகரும். ஒரு நூலளவு, ஒரு மைல் ஓடியபின் ஒரு சாண் ஆகிவிடும்.

இவ்வுண்மைகளை நான் அறிந்த வரலாறு இது. 1999ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்து மூன்றாம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு மூன்றாந் தவணைத் தமிழ் விடைத்தாள்கள் முப்பத்தெட்டையும் ஒரு கட்டாக்கிக் கரியரில் வைத்துக் கவ்வியை விட்டேன். கட்டு ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த தடிப்பு. சட்டம் பலமாக அழுத்திற்று. நானும் மனநிறைவோடு ஏறினேன். இருளுமுன் வீடு சேர்ந்துவிட வேண்டிய காலம் அது. வானமும் கறுத்திருந்தமையால் விரைந்து மிதித்தேன். நான்கு மைல் கடந்து வீட்டுப் படலையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், கவ்வி வெறுந்தட்டைக் கவ்விக்கொண்டிருந்தது.

வந்த வழியே திரும்பினேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. விடைத்தாள்கள் தோட்ட வெளியின் ஓரமாக, வாய்க்காலிலும் வேலியடியிலும் சிதறிக் கிடந்தன. தேடித் தேடி முப்பத்தொன்றை எடுத்தேன். எழுவருடைய விடைத்தாள்கள் அகப்படவேயில்லை. மறுநாள் அதிபரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். பின்னர் வகுப்பிலே நின்று, அந்த ஏழு பிள்ளைகளின் பெயரையும் வாசித்து, அவர்கள் மீண்டும் பரீட்சை எழுத வேண்டும் என்று கூறினேன். தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தமிழிலே நன்றாக எழுதிவிட்டதாக வீட்டாருக்குச் சொல்லியிருந்த பிள்ளை ஒருத்தியும் அவ்வெழுவருள் இருந்தாள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "சேர், கயித்தால கட்டேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய தகப்பனார் சைக்கிளிலே மரக்கறி கட்டி விற்பவர். எனக்குத் தெரியாத பாடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் முறை அவள் எழுதிய விடைகள் சுமாராகவே இருந்தன. முதல்முறை எழுதியவை எப்படி இருந்தன என்பதை அறிய எனக்கு வழியில்லை.

அன்றிலிருந்து, கரியரில் ஏற்றிப் பிழைப்போர் எவ்வாறு ஏற்றுகின்றனர் என்பதை நான் கவனித்துப் பார்க்கலானேன். மீன் பெட்டி கட்டுபவர், பாண் பெட்டி கட்டுபவர், தோட்டத்துக்குக் குழை கொண்டுபோகும் கமக்காரர், விறகு விற்பவர், கடகத்திலே கத்தரிக்காய் கொண்டு சந்தைக்குப் போகும் அந்த மரக்கறிக்காரர் ஆகியோருள் ஒருவராவது வில்லை மட்டும் நம்பியதை நான் கண்டதில்லை. அவர்களிடம் கற்றவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன்.

வில்லுக்குத் தகுந்தது தட்டையும் உறுதியும் உள்ள பொருள். இரண்டு மூன்று கொப்பிகள், மடித்த புதினத்தாள், மடித்த சாரம், மழைச்சட்டை, கடித உறை போன்றவற்றை அது நன்றாகப் பிடிக்கும். குடையை நீளவாட்டில் வைத்தால் பிடிக்கும். குறுக்கே வைத்தால் வழியிற் போவோரை இடிக்கும். தாள்களை வைக்கும்போது மேலும் கீழும் ஒவ்வொரு கடதாசி மட்டையை வைத்தல் நன்று. அன்றேற் கம்பியின் தழும்பு கடைசிப் பக்கம் வரை பதிந்துவிடும். கவ்வியின் கம்பியிலே பழைய ரியூப் துண்டொன்றைச் சுற்றிவிட்டால் வழுக்குதலும் குறையும், தழும்பும் குறையும்.

கனிந்த பொருளை வில்லுக்குக் கொடுத்தல் ஆகாது. வாழைப்பழமும் தக்காளியும் பாணும் அதன் கீழே நசியும். நசியும் பொருள் மெலிந்துகொண்டே போவதாற் பிடியும் தளர்ந்துகொண்டே போகும். அவை முன்னே கைபிடியில் தொங்கும் பையிலே போகட்டும். அப்பையும் முன்சில்லைத் தொடாதவாறு குறுகியதாக இருக்கட்டும்.

தடித்த பொருளுக்குக் கயிறு வேண்டும். கயிற்றினும் சிறந்தது பழைய ரியூப்பை இருவிரல் அகலத்தில் நீளமாகக் கீறியெடுத்த பட்டி. கயிறு பொருள் சற்றே அமிழ்ந்தவுடன் தளர்ந்துவிடும்; றப்பர்ப் பட்டியோ அமிழ்ந்த அளவுக்குச் சுருங்கித் தொடர்ந்து இறுக்கும். நீளவாட்டில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, பின் மூலைக்கு மூலை ஒரு சுற்று. முடிச்சு கரியரின் இரும்பிலே விழ வேண்டும், பொருளின்மேல் அன்று. எஞ்சிய முனையைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிவிட வேண்டும். அகன்ற பொருளாயின், ஒரு பலகையைத் தட்டின்மேல் வைத்துக் கவ்வியாற் பிடிக்கச் செய்து, கரியரோடு கட்டி, அதன்மேல் ஏற்றுவர். அங்கே வில் பிடிப்பது பலகையைத்தான். சுமையைப் பிடிப்பது கட்டு.

பாரம் வைக்கும் இடமும் முக்கியமானது. பின் அச்சுக்கு நேர்மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னே, ஆசனத்தை ஒட்டியபடி பாரம் அமைதல் வேண்டும். இரு சில்லுகளின் அச்சுகளுக்கும் இடைத்தூரம் 120 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ மூட்டையை அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் பின்னே கட்டினால், முன்சில்லின்மேல் நிற்கும் பாரத்தில் 10 கிலோ குறைந்துவிடும். முன்சில்லு மெலிந்தால் கைபிடி கூத்தாடும். வளைவிலே வண்டி நம் சொல்லைக் கேளாது. 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திலே வள்ளுவப் பெருந்தகை, ஏற்றுவது மயிலிறகே ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அச்சு முறியும் என்னும் பொருளை அமைத்துக் காட்டியது அரசர்க்கு. சைக்கிளோட்டிக்கும் அது பொருந்தும். கரியரின் கால்கள் பிடித்திருப்பது சில்லின் அச்சுச் சுரைகளையே என்பதை மறத்தல் ஆகாது. சுமை ஆடினாற் சுரை தளரும். சுரை தளர்ந்தால் சில்லே விலகும்.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். கரியரிலே சிறு பிள்ளையை இருத்திக்கொண்டு பாடசாலைக்கு வருவோர் பலர். பிள்ளையின் கால் தொங்கும் இடம், சுழலும் கம்பிகளுக்கு அரைச்சாண் தூரம். பிள்ளை அரைத்தூக்கத்தில் ஒருமுறை காலை உள்ளே விட்டால் போதும். குதிக்கால் கிழியும், கணுக்கால் எலும்பு முறிதலும் கூடும். அப்படி நேர்ந்த பிள்ளைகளை நான் என் கையாலே தூக்கியிருக்கிறேன். காலை ஊன்ற இரு பக்கமும் மிதிகட்டையும், சில்லின் பக்கங்களுக்கு வலையோ தகடோ போட்ட மறைப்பும் இல்லாமற் பிள்ளையை ஏற்றற்க. சேலைத் தலைப்பும் சால்வை நுனியும் புத்தகப் பையின் வாரும் கம்பிக்குட் போகாதபடி பார்த்துக்கொள்க. புத்தகப் பை இக்காலத்தில் தலையணை போலத் தடித்தது. அதைக் கவ்விக்குட் திணிப்பதிலும் பட்டியாற் கட்டுவதே பாதுகாப்பு.

இவ்வளவும் கூறியபின், அந்தப் பழைய வில்லை நான் இகழ்வதாக நேயர்கள் எண்ணலாகாது. அது காத்த காவலையும் கூறி முடிக்கின்றேன்.

என்னிடமிருந்த வண்டி, ஆசிரியராயிருந்த என் தந்தையார் 1962ஆம் ஆண்டில் வாங்கிய ராலி. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் அரிதாகி, மின்சாரமும் அற்றுப்போன நாட்களில், அதுவே எங்கள் வீட்டுக்கு லொறியும் வாடகைக் காரும் ஆயிற்று. மாலை வேளையில் வண்டியை ஸ்ராண்டிலே நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தால் நாங்கள் வானொலி கேட்டோம். வானொலிப் பெட்டி இருந்த இடம் அந்தக் கரியரே. இன்று அதே கரியரைப் பற்றி வானொலியிலே பேசக் கிடைத்தது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஊரைவிட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. என் தந்தையார் ஒரு பொலித்தீன் உறையிலே காணி உறுதிகளையும், பிறப்புச் சான்றிதழ்களையும், என் பட்டச் சான்றிதழையும் தட்டையாக மடித்து வைத்துக் கவ்வியின் கீழே கொடுத்தார். அதன்மேல் மடித்த சாக்கொன்றை விரித்து, அதன்மேல் தம் முப்பது ஆண்டுப் பாடக்குறிப்புகளும் நூல்களும் அடங்கிய கட்டைக் கயிற்றாற் கட்டினார். வண்டியை ஓட்டுவதற்கு இடமில்லை, உருட்டினோம். மழை பெய்தது. செம்மணி வெளியை நெருங்கும்போது என் அப்பாச்சியாரால் நடக்க முடியாது போயிற்று. வீதியோரத்து மதகருகே தந்தையார் வண்டியை நிறுத்தினார். கயிற்றை அவிழ்த்து, நூற்கட்டை மதகின்மேல் வைத்தார். அப்பாச்சியாரைத் தூக்கிக் கரியரில் இருத்தினோம். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. கயிற்றை மட்டும் சுருட்டி இடுப்பிற் செருகிக்கொண்டார்.

விடிந்து வெகுநேரத்தின்பின், நாவற்குழிப் பாலத்தையும் கடந்து, ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையில் அப்பாச்சியாரை இறக்கினோம். சாக்கை நீக்கிக் கவ்வியைத் தூக்கினேன். உறை வைத்த இடத்திலே வைத்தபடி இருந்தது. இன்று நான் அதிபராக இருப்பதற்குக் காட்டிய சான்றிதழ் அதிலிருந்ததுதான். அதன் ஓரத்திலே கம்பியின் தழும்பு ஒன்று மங்கலாக இப்பொழுதும் உண்டு. மதகிலே வைத்த நூல்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

தட்டையானதை அந்த வில் இரவு முழுவதும் பிடித்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளின்பின் தடித்த கட்டொன்றை நான் அதனிடம் கொடுத்தபோது அது தன் இயல்புப்படி வெளியே தள்ளிற்று. இரண்டிலும் வில் ஒன்றே. கொடுத்தவரின் அறிவுதான் வேறு. என் தந்தையார் அதன் அளவை அறிந்திருந்தார், நான் அறிந்திருக்கவில்லை.

ஆகவே நேயர்களே, பழைய வண்டியைத் தூசி தட்டி எடுத்திருப்பீர்களாயின், முதலிற் கரியரின் சுரைகளை இறுக்குங்கள். கீலிலே தையலியந்திர எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். கடற்காற்று வீசும் ஊர்களிலே மாதம் ஒருமுறை விடுங்கள். ஒரு கொப்பியைக் கவ்வியில் வைத்து இரு விரலால் இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்துவிட்டால் அந்த வில்லின் காலம் முடிந்தது, மாற்றிவிடுங்கள். வில்லை அளவுக்கு மிஞ்சி விரிக்காதீர்கள். விரித்தால் அது மீளாது. கவ்வியை விடும்போது கையோடு மெல்ல இறக்குங்கள். ஆசனத்தின் கீழே ஒரு ரியூப் பட்டியை எப்பொழுதும் சுற்றி வைத்திருங்கள். ஏற்றிக் கட்டியபின் வண்டியை ஒருமுறை குலுக்குங்கள்; ஓடத் தொடங்கி நூறு யார் சென்றபின் இறங்கி ஒருமுறை கட்டைத் தொட்டுப் பாருங்கள். இதற்குச் செலவாகும் நேரம் ஒரு நிமிடம். இந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடாமையால், ஏழு பிள்ளைகள் இரண்டாம் முறை பரீட்சை எழுத நேர்ந்தது.

எங்கள் பாடசாலையில் விடைத்தாட் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்களுக்கு அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு றப்பர்ப் பட்டி கொடுக்கிறோம். இளைய ஆசிரியர்கள் சிலர் அதைப் பார்த்துப் புன்னகை செய்வதுண்டு. ஆயினும் வாங்கிக்கொள்கிறார்கள், கட்டுகிறார்கள். எனக்கு அது போதும்.